இரண்டு செம்பருத்திக்கு ஒரு சண்டை

ஆய்வகத்தின் காலை வெயிலில் அக்கா நுண்ணோக்கிமேல் குனிந்திருக்கிறாள். பின்னால் தங்கை நகம் கடிக்கிறாள். மேசைமேல் இருக்கும் இரண்டு செம்பருத்தியும் ஒரே இனம் என்று பத்து வருடமாகச் சாதிப்பவள் அக்கா. வேறு வேறு என்று மூன்று வருடமாக மகரந்தம் சேர்ப்பவள் தங்கை. துறைத்தலைவியான அக்கா ஒத்துக்கொள்ளாவிட்டால் தங்கையின் ஆய்வு அம்போதான். வீட்டிலும் இதே சண்டை, சுவருக்கெல்லாம் மனப்பாடம். முதல் கண்ணாடித் தகட்டில் ஒரு பூவின் மகரந்தம், மஞ்சள் உருண்டையெங்கும் ஊசி ஊசியாய் முட்கள். அடுத்த தகட்டில் மற்ற பூவினது, அத்தனை முள்ளும் மழுங்கல். நாலுமுறை மாற்றி மாற்றிப் பார்க்கிறாள் அந்த விடாக்கண்டி. “வேற வேறதான்டி.” சொன்ன வாயில் வருத்தமே இல்லை, காதுவரை சிரிப்பு. தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. “தோத்துட்டல்ல, எழுந்திரு. நானும் பாக்கணும்.” “நீ மூணு வருஷமா பாத்தாச்சு. நான் இப்பதான பாக்கறேன்” என்று நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்துக்கொள்கிறாள் அக்கா.