பதினேழாம் எண்

கல்லூரிச் சுற்றுலாவில், துருக்கியின் எபேசஸ் நகரத்துப் பழைய அரங்கின் படிகளில் உட்கார்ந்து, இதழினியும் நானும் ஒரே டப்பாவில் புளிச்சோறு தின்றோம். "ரெண்டாயிரம் வருஷத்துல ஊரே இடிஞ்சுபோச்சு, உங்கம்மா புளிச்சோறு நாலு நாளாகியும் கெடலடி" என்றாள். அரை மணி நேரம் கழித்து, அந்த வெயிலில் அவள் இதயம் நின்றுவிட்டது.

மறுநாள் விமான நிலையம் போகவேண்டிய பேருந்துக்கு ஓட்டுநர் கிடையாது. ஒவ்வொரு மாணவரின் கைப்பட்டையும் நாடியை உணர்ந்து, அவரவர் குரலில் எண் சொன்னால்தான் அது கிளம்பும். பதினாறுக்குப் பிறகு மௌனம்.

"பேரை நீக்கினா வண்டி கிளம்பிடும்மா" என்றார் எங்களை அழைத்து வந்த ஆசிரியர் ராசமாணிக்கம் சார். ஆனால் அவர் விரல் திரையைத் தொடவில்லை.

"வேண்டாம் சார்" என்றேன். மருத்துவமனையில் தந்த அவளுடைய பட்டையை என் இடது கையில் கட்டினேன்.

"பதினேழு. வந்தாச்சு சார், விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றது அவள் குரல். பயணத்தின் முதல் நாளில் பதிவு செய்தபோது கிண்டலாகச் சேர்த்துச் சொன்னது.

பேருந்து நகர்ந்தது. இன்னொரு முறை எண்ணமாட்டார்களா என்று வழி முழுக்க ஏங்கினேன்.

முப்பது ஆண்டுகளாகிவிட்டன. கல்லூரிப் பதிவேட்டில் அந்தப் பயணம் போனவர்கள் இருபத்துநான்கு பேர். திரும்பியவர்களும் இருபத்துநான்கு பேர்.