நெற்றியில் முளைத்த முடி

மூன்று மணி நாற்பது. ஐந்து மணிக்குள் படம் கலியாணப் புரோக்கரின் போனுக்குப் போயாக வேண்டும்.

உட்துறைமுக வீதியிலிருந்த ஸ்டூடியோவில், சற்று முன் எடுத்த படம் கணினித் திரையில் விரிந்திருந்தது. அதில் ரிஷிகேசனின் நெற்றி பளபளத்தது. திரைக்கு வெளியே அதைவிடப் பளபளத்தது.

“முடியை ஒரு ரெண்டு விரல் அளவுக்குக் கீழ இறக்கி விடுங்கோ தங்கச்சி. ஆனா பொய் எண்டு தெரியக்கூடாது.”

கணினி முன் இருந்த பிரசாந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

காதுக்கு மேலே முடி அடர்த்தியாகவே இருந்தது. அதில் ஒரு பிடியை நகலெடுத்து நெற்றியில் ஒற்றினாள். அடுத்த பிடியை மற்றக் காதுப் பக்கம் எடுத்தாள். ஒரே இடத்தில் எடுத்தால் களவு தெரிந்துவிடும்.

முடி முளைத்தது.

ரிஷிகேசன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் வேலை. முப்பத்து நான்கு வயது. நான்கு சாதகம் பொருந்தியது. நான்கும் படம் போனதோடு நின்றது. கடைசி வீட்டில், தகப்பனின் படம் கிடைத்தது, இனி மாப்பிள்ளையின் படத்தை அனுப்புங்கள் என்றார்களாம்.

இம்முறை அவளால் அடக்க முடியவில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான். தன்னை வைத்தே இப்படிச் சிரிக்கிற ஆணை அவள் கண்டதில்லை.

கை வேகம் பிடித்தது. உச்சியிலிருந்து ஒரு சுருள் இறங்கி வந்து விழுந்தது. பத்து வயது குறைந்தது.

“இது அஞ்சாவது. இதுவும் போனா, இனிச் சாதகத்தைத் தொடமாட்டன் எண்டிட்டா அம்மா.”

“எந்த இடம்?”

“லிங்கநகர். சிவபாதம் மாஸ்டரின்ர மகள். பேர் இன்னும் சொல்லேல்லை. கொம்பியூட்டரில ஏதோ வேலையாம்.”

மவுஸில் இருந்த விரல் நின்றது.

லிங்கநகரில் சிவபாதம் மாஸ்டர் ஒருவர்தான். அவருக்கு மகளும் ஒருத்திதான். காலையில் அவள் வேலைக்குப் புறப்பட்டபோது, சாதகம் பொருந்தியிருக்கிறது, பின்னேரம் படம் வரும் என்று அவர் சொன்னார். செருப்பைக் கொளுவிக்கொண்டே, பார்ப்போம் அப்பா என்றாள்.

பிரசாந்தி திரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். காது சுட்டது.

ஒற்றியதையெல்லாம் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். சுருள் போனது. பிடி பிடியாக முடி போனது. நெற்றி படிப்படியாக மேலே ஏறியது.

ரிஷிகேசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

“என்ன தங்கச்சி செய்யிறீங்கள்? இந்த மண்டையைப் பாத்திட்டு அந்தப் பிள்ளை ஓம் எண்டு சொல்லுமோ?”