இதையுமா?

மருத்துவக் கல்லூரி ஆண்டு விழாவின் நகைச்சுவை நாடகம் களைகட்டியிருக்கிறது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் அவளுடைய அறைத்தோழி, தொளதொளவென்ற வெள்ளைக் கோட்டில், அழுக்குப் படுக்கை விரிப்புகளின் குவியலுக்குள் ஒடுங்கிக்கொண்டு போனில் கதறுகிறாள். “அம்மா, என் பேஷண்ட் செத்துப் போயிட்டாங்கம்மா! எனக்கு இந்தப் படிப்பே வேணாம். வந்து கூட்டிட்டுப் போயிடும்மா!” அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. முன்வரிசைப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். போன மாதம் வார்டின் துணி அறையில் ஒளிந்துகொண்டு இந்த மாணவி அழுத அழுகை அது. அன்றிரவு தோழியின் மடியில் தலைவைத்து, அவளிடம் மட்டும் சொன்னது. அந்த போனை எடுத்துப் பேசிய அம்மாவுக்கும் புரிந்துவிடுகிறது. “விடு கண்ணு, விவரமில்லாத பொண்ணு” என்று காதோரம் சொல்லி, மகளின் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள்.

தோழி இப்போது சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாவாக மாறுகிறாள். மஞ்சள் வெளிச்சத்தில் முதுகைக் கூனி, மூக்கை உறிஞ்சி, குரலை நடுங்கவிடுகிறாள். “வந்துடு கண்ணு. உங்கப்பா போனதுலேருந்து நானும் செவுத்தோடதான் பேசிட்டிருக்கேன்.”

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. பின்வரிசையில் யாரோ விசிலடிக்கிறார்கள். முதுகைத் தடவிய கை நின்றுபோகிறது. அம்மா மேடையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கிறாள்.

“இதையுமா அவகிட்ட சொன்ன?”

அக்கம்பக்கத்தில் யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று, அம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டத் தொடங்குகிறாள்.