பத்துக்கு நாலு

காலை டீயோடு சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் மேவிஸ். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து அவள் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகிறது. பேனா இன்னும் ஓய்வு பெறவில்லை.

"பாரு ரோலண்ட், 'ஷுட்' போட்டிருக்கான். அது புத்திமதி. இவன் போடறது உத்தரவு. 'மஸ்ட்' இல்ல வரணும்!"

"எதைப் போட்டா என்ன, விஷயம் புரியுதுல்ல?" என்றார் கணவர், ரொட்டியில் மார்மலேடு தடவியபடி.

"அடுத்த வரியில 'மைட்'. செஞ்சாலும் செய்வேன், செய்யாமலும் போவேன்னு அர்த்தம். செய்யப்போறவன் 'வில்'னு அடிச்சுச் சொல்ல வேணாமா?"

பத்துக்கு நாலு மார்க் போட்டாள். 'பெயர் எழுதவில்லை' என்று ஓரத்தில் குறித்தாள்.

ரோலண்ட் தாளை வாங்கி மறுபடி படித்தார். 'உங்கள் தோட்டத்துச் செடிவேலியை வெட்டினால் நல்லது. இல்லாவிட்டால் நானே ரம்பத்தோடு வரலாம்.' காலையில் கதவின் தபால் ஓட்டை வழியாக வந்து விழுந்த மொட்டைக் கடிதம்.

"போலீசுக்குச் சொல்லிடலாமா, மேவிஸ்?"

"எதுக்கு? பக்கத்து வீட்டு கிளைவ்தான். நாலு வருஷம் என்கிட்ட படிச்சவன். அதே கோழிக் கிறுக்கல்."

மார்க் போட்ட தாளைக் கொண்டுபோய் அவன் வீட்டுத் தபால் ஓட்டையில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கடிதம் திரும்பி வந்தது. புதுத் தாளில், இரண்டு தவறும் திருத்தப்பட்டு. கீழே முழுப் பெயர்: கிளைவ் ஹாப்வுட்.

மேவிஸ் இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடினாள்.

"இப்பத்தான் ஒழுங்கா எழுதியிருக்கான். எழுந்திரு, வேலி வெட்டற கத்தரியை எடு."