இரண்டு தட்டு

“ரெண்டு தட்டு தட்டினா, குமரேசா. தோள்ல நல்லா விழுந்துச்சு. அதுக்கப்புறந்தான் கியரையே போட்டேன்.”

ஜமுனாமரத்தூரில், மலைப்பாதை முடிகிற இடத்தில், வின்சென்ட் புல்லட்டை நிறுத்திவிட்டு இறங்கியபோது பின்னிருக்கையில் அவன் மனைவி இவாஞ்சலின் இல்லை. கூடாரப் பைதான் இருந்தது. ஆரணியில் புறப்படும்போது கேரியரில் கட்டிய பை எப்படியோ இருக்கைக்கு வந்து, இத்தனை நேரமும் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறது.

ஐந்து வண்டி, பத்துப் பேர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நண்பர்களும் உறவினரும் சேர்ந்து போகும் பயணம். அதன் விதிகளை வகுத்தவனே வின்சென்ட்தான். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் ஏறியவர் சரியாக அமர்ந்ததும் தோளில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டியதும் வண்டி நகரும். ஒருவரும் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளக் கடைசி வண்டியாக வருவது அவனுடைய பொறுப்பு. அதனாலேயே அவன் பின்னிருக்கை காலியாக இருந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

அவள் கைபேசிக்கு அழைத்தான். மணி, அவன் வண்டியின் டேங்க் மேலிருந்த பைக்குள்ளேயே அடித்தது.

“காலையில நின்ன போளூர் டீக்கடையில வுட்டுட்டு வந்திருப்ப,” என்றாள் அவன் அக்கா ரோஸி. “ஊருக்கெல்லாம் ரூல் போடுவான், கட்டினவள மறந்துடுவான்.”

“அங்க ஏறிட்டாக்கா. வண்டி அமுங்கினது தெரிஞ்சுது. அப்புறம் தட்டினா.”

அவன் அழுத்தி அழுத்திச் சொன்னதுதான் வினையாயிற்று. ரோஸியின் முகத்திலிருந்த கேலி அணைந்தது. ஏறியவள் இப்போது வண்டியில் இல்லை என்றால், நடுவில் எங்கோ… நண்பன் குமரேசன் மெல்லக் கேட்டான்.

“வளைவுல எங்கனா குலுங்குச்சா மச்சான்?”

எல்லா வளைவிலும் குலுங்கியிருந்தது.

அவள் கடைசியாக எப்போது பேசினாள் என்று ரோஸி கேட்டாள். வழியெல்லாம் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான்: மலையின் உயரம், வண்டியின் மைலேஜ், மாலையில் போகவேண்டிய அருவி. அவள் ‘ம்’ கொட்டினாளா என்று அவன் கவனிக்கவே இல்லை. வீட்டிலும் கவனிப்பதில்லை.

நடக்கிற வேகத்தில் மலையிறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் வண்டிகளை நிறுத்தி, தடுப்புச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்து, அவள் பெயரைக் கூவினார்கள். அவள் நீலச் சுடிதார் அணிந்திருந்தாள். பள்ளத்தில் நீலமாக எது தெரிந்தாலும் வின்சென்ட் தடுப்புச் சுவரில் ஏறினான். ஒன்று கிழிந்த தார்ப்பாய். மற்றொன்று யாரோ காயப்போட்ட லுங்கி. இரண்டு முறையும் குமரேசன்தான் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

போன வாரம் அவள் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பயணத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாமா என்றாள். பத்துப் பேருடைய லீவை உனக்காக மாற்ற முடியுமா என்று அவன் எரிந்து விழுந்தான். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. தள்ளி வைத்திருந்தால் இந்நேரம் அவள் வீட்டில் உயிரோடு இருந்திருப்பாள். முள்ளிப்பட்டில் தறியில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு எந்த வார்த்தையில் தொடங்கிச் சொல்வது என்று யோசித்தபோது கிளட்ச் பிடி அவன் கையிலிருந்து நழுவியது.

மலை முடிந்தது. அவள் கிடைக்கவில்லை. போளூர்க் காவல் நிலையத்துக்குப் போய்விடலாம் என்றாள் ரோஸி. வழியில் அந்த டீக்கடை முன்னால் வின்சென்ட் வண்டியை நிறுத்தினான். மணி பன்னிரண்டரை.

அவனைக் கண்டதும் கடைக்காரர் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெள்ளை ஹெல்மெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அந்தம்மா குடுத்துட்டுப் போச்சு. பத்து நிமிசத்துல தேடிகினு வருவாரு, குடுத்துடுங்கன்னுச்சு. நீங்க இன்னாடான்னா நாலு மணி நேரம் கழிச்சு வர்றீங்க.”

வின்சென்ட் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவள் இருக்கிறாள். மலை ஏறவே இல்லை. ரோஸி சொன்னதுதான் சரி. மனைவியை டீக்கடையில் மறந்துவிட்டு வந்திருக்கிறான். அப்படியானால் தோளில் தட்டியது யார்?

தெருமுனையில் பள்ளிக்கூடத்தின் பெரிய கேட் திறந்தது. கூட்டமாக வெளியே வந்தவர்களில் நீலச் சுடிதாரும் ஒன்று. இவாஞ்சலின் கையில் அரசுத் தேர்வின் நுழைவுச்சீட்டும் ஒரு கறுப்புப் பேனாவும் இருந்தன. புழுதி படிந்து நின்ற எட்டுப் பேரையும், கண் சிவந்திருந்த கணவனையும் கண்டதும், அவர்கள் எங்கெல்லாம் தேடிவிட்டு வருகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் முகமும் வெளுத்தது.

“மன்னிச்சிடு,” என்றான் வின்சென்ட். “சத்தியமா தோள்ல ரெண்டு தட்டு விழுந்துச்சு. எவனோ விளையாடியிருக்கான்.”

“எவனும் இல்லீங்க. பையை முன்னால இழுத்துக் கட்டிட்டு, தட்டினது நான்தான்,” என்றாள் இவாஞ்சலின். “ஒம்பது மணிக்குக் கேட்ட மூடிடுவாங்க, அதுக்குள்ள பத்து நிமிசம் கிடைச்சாப் போதும்னு நெனச்சேன். நீங்க முழுப் பரீட்சையும் எழுத வுட்டுட்டீங்க.”