எட்டரை அலை

"எட்டரை போடும்மா."

"வராது சார்."

சசிரேகா இப்படிச் சொன்னதும் முதலாளி மஹபூப் பாஷாவுக்கு வியர்த்துவிட்டது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில், மாடியில் அவருடைய சின்ன டிசைன் கடை. வந்திருந்தவர் பெரிய பிளாஸ்டிக் கம்பெனி மேனேஜர் தானியேல். வருஷம் முழுக்க வேலை தருவதாகப் பேச்சு. கைநழுவினால் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு செல்போன் கவர் விற்கப்போவதாக பாஷா நேற்றே சொல்லிவிட்டார். அப்புறம் சசிரேகா திருப்புலிவனத்தில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

திரையில் ஒரு தட்டு. அதன் விளிம்பு சுற்றிலும் அலை அலையாய் ஏறி இறங்கியது. ஒவ்வொரு அலையாக அவள் வரையவில்லை. எல்லாம் ஒற்றை வரி ஈக்குவேஷன். அதில் எட்டு என்றால் எட்டு அலை. பத்து என்று மாற்றினால், அடுத்த நொடி பத்து அலை.

"அப்ப எட்டரைக்கு மட்டும் இன்னா நோவு?" பாஷா பல்லைக் கடித்தார். "சார் கேக்கறத போட்டுக் குடும்மா."

"கம்ப்யூட்டர் போட்டுக் குடுக்கும் பாய். தட்டுதான் உருப்படாது. வட்டம் சுத்திக்கினு வந்து சேர்ற எடத்துல மேடும் பள்ளமும் மோதிக்கும். படி மாதிரி நிக்கும், கைய கிழிக்கும். முழு நம்பர்தான் போடணும்."

"எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்!" தானியேல் குரலை உயர்த்தினார். "எனக்கே பாடமா? கடைசியா கேக்கறேன், போடுவியா மாட்டியா?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தப்பென்று தெரிந்ததை எப்படிப் போடுவது?

"மாட்டேன் சார். ஒம்போது போடறேன், பாருங்க."

போட்டாள். ஒன்பது அலையும் பிசிறில்லாமல் ஓடிச் சேர்ந்தன.

தானியேல் எழுந்துவிட்டார். பாஷா தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆனால் தானியேல் வாசலுக்குப் போகவில்லை. பையிலிருந்து ஆர்டர் பேப்பரை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஏழு கடை ஏறி இறங்கிட்டேன்மா. எல்லாரும் 'சரி சார்'னு எட்டரைய போட்டுக் குடுத்தாங்க. வேலை உனக்குத்தான்."

ஜெயித்துவிட்டாள்! சசிரேகாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"நம்ம பொண்ணு கணக்குல புலி சார், எனக்கு அப்பவே தெரியும்!" என்றார் பாஷா, கூச்சமே இல்லாமல்.

"எட்டரை தப்புன்னு உங்களுக்கும் தெரியுமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"போன வருஷம் எட்டரை போடச் சொல்லி தட்டு வார்க்கற ஒரு மோல்டையே பாழாக்கினேன்," தானியேலின் குரல் இறங்கியது. "என்கிட்ட வேலை செய்யற பதினோரு பேருக்கும் அது தப்புன்னு தெரிஞ்சிருந்துது. என் வாய்க்குப் பயந்து ஒருத்தரும் சொல்லல."