பாதித் துரு

“கடைசியா அந்த ஹெலிகொப்டரிலை கை வைச்சது நீர்தானே?”

பெரிய கிளாக்கர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்து ஆளு. தோட்டத்து ஆபீஸ் மேசையில இருந்த வெள்ளைக்காரங்க இங்கிலீஷ்ல கேக்கிறத அவருதான் தமிழ்ல மாத்திக் கேட்டுக்கிட்டிருந்தாரு.

ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபேக்டரியில, மெஷின் பழுது பாக்கிற ஃபிட்டர் ஆண்டியப்பனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

“வச்சேங்க! நானாவா போயி வச்சேன்? வால் பக்கம் ஒரு தாங்கி ஆடுது, போல்ட்ட இறுக்குன்னு தொரைதான் கூட்டிக்கிட்டுப் போனாரு. இறுக்கினேன். அது ஒரு குத்தமா?”

தேயிலையில கொப்புள நோய்க்கு மருந்தடிக்க வந்த ஹெலிகொப்டர் அது. நேத்துக் காலையில கெளம்பின கொஞ்ச நேரத்துலயே ஏழாம் நம்பர் மலையில விழுந்துருச்சு. ஓட்டினவரு கால் ஒடிஞ்சு டிக்கோயா ஆஸ்பத்திரியில கெடக்காரு. வால் பக்கத்துல அந்தப் போல்ட் இருந்த எடத்துல இப்ப வெறும் ஓட்டைதான். போல்ட்டக் காணோம்.

வெசாரணைக்கு வந்தவங்க ரெண்டு பேரு. ஒருத்தரு ஹெலிகொப்டரச் செஞ்ச கம்பெனி. இன்னொருத்தரு அத வாங்கி ஓட்டி, பழுது பாக்கிற கொழும்புக் கம்பெனி. காலையிலருந்து ரெண்டு பேருக்கும் ஒரே சண்ட.

“நாங்க செஞ்சதுல கொறையே கெடையாது. நீங்க சரியாப் பாத்துக்கல.”

“நாங்க ஒழுங்காத்தான் பாத்தோம். ஒங்க சாமான்தான் கோளாறு.”

பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்துச்சு. குடிச்சு முடிச்சதும் என்ன மாயமோ, ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க. தோட்டத்து ஃபிட்டர் அளவுக்கு மிஞ்சி முறுக்கிப் போல்ட்ட உடைச்சுப்புட்டானாம்!

“அடப்பாவிகளா!” ஆண்டியப்பன் மேசையில ஓங்கித் தட்டினான். “செஞ்சவன் தப்பிச்சுக்குவான், பாத்துக்க வேண்டியவன் தப்பிச்சுக்குவான், கடைசியில கூலிக்காரன் தலையில கட்டிருவீங்க! மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா ஒங்களுக்கு?”

கனகலிங்கம் அத அப்படியே மாத்திச் சொல்லல. தான் உடைக்கலன்னு சொல்றான்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கிட்டாரு.

தோட்டத்துத் தொரை பத்துச்சீட்டுப் புத்தகத்த எடுத்து மேசையில வச்சாரு. அதுல ஒண்ணக் கிழிச்சுக் கையில குடுத்தா வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. பொஞ்சாதி நாகலெட்சுமியும் நாலு புள்ளைகளும் சட்டி பானையோட ரோட்டுலதான்.

அந்த நேரம் பாத்து வாசல்ல வந்து நின்னா மீனம்மா, முதுகுல கொழுந்துக் கூடையோட. போன வருசம் வரைக்கும் ஸ்டோர்ல இருந்தவ, இப்ப மலையில கொழுந்து எடுக்கிறா.

“என்ன நீ, வேலை நேரத்திலை இஞ்சை நிக்கிறாய்?” கனகலிங்கம் அதட்டினாரு.

“பக்கத்து எட்டாம் நம்பர் மலையில இது கெடச்சுதுங்க. நேத்து பகல் கொழுந்து நிறுக்கயில கூடையில இருந்துச்சு.”

கொழுந்தோட ஒரு ஆணி போனாக்கூட ஸ்டோர்ல ரோலர் கெட்டுரும். அதுனால நிறுக்கிறதுக்கு முன்னாடி சாக்குல கொட்டிப் பொறுக்கணும். பொறுக்காதவங்கள ஆண்டியப்பனே வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

மீனம்மா இடக்கைய நீட்டினா. வலக்கை, தலையிலருந்து போத்தியிருந்த கொங்காணிக் கம்பளிக்குள்ள இருந்துச்சு. நீட்டின கையில தலையோட ஒரு பாதிப் போல்ட்.

“துரைக்கு இடக்கையாலையோ குடுக்கிறது?” கனகலிங்கம் மறுபடி அதட்டினாரு.

மீனம்மா கைய மாத்தல.

ஆண்டியப்பன் தாவி அத வாங்கினான். உடைஞ்ச எடத்தத் திருப்பிப் பாத்தவன் கத்தினான்.

“ஐயா, இங்க பாருங்க! பாதி துரு, பாதி பளபளன்னு இருக்கு. இந்தத் துரு ஒரு நாள்ல வந்ததா? மாசக்கணக்காக் கீறல் விட்டுக் கெடந்து, மிச்சப் பாதி நேத்து உடைஞ்சிருக்கு. நான் தொட்டதே நேத்துத்தான்! கீறலோட இந்த மலைக்கு அனுப்பினது யாருன்னு நீங்களே ஒங்களுக்குள்ள கேட்டுக்குங்க!”

இந்தத் தடவ கனகலிங்கம் ஒரு சொல்லு விடாம மாத்திச் சொன்னாரு. தொரை போல்ட்ட ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. வெள்ளைக்காரங்க ரெண்டு பேரும் மறுபடி ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டாங்க. பத்துச்சீட்டுப் புத்தகம் மேசை லாச்சிக்குள்ள போயிருச்சு.

வெளிய வந்தும் ஆண்டியப்பனுக்கு ஆத்திரம் அடங்கல.

“பாத்தியா தங்கச்சி? தாங்க தப்பிக்கிறதுக்கு ஒரு ஏழைக் குடும்பத்தையே தெருவுல விடப் பாத்தானுங்களே! வெக்கங்கெட்ட பயலுக! நீ மட்டும் வரலேன்னா என் கதி என்னா? ஆமா, நேத்தே கெடச்சதுன்னா நேத்தே கொண்டாந்து குடுத்திருக்கலாமே?”

“குடுக்கிறதா வேணாமான்னு ராவெல்லாம் யோசிச்சேண்ணே.”

“யோசிச்சியா?” அவனுக்குக் கோபம் அவ பக்கம் திரும்பிருச்சு. “என் புள்ளைகள நடுரோட்டுல நிறுத்தப் பாக்கிறானுங்க, இதுல யோசிக்க என்னாடி இருக்கு?”

“அந்தப் புள்ளைகளுக்காகத்தான் குடுத்தேன்.”

மீனம்மா கொங்காணிக்குள்ள இருந்து வலக்கைய வெளிய எடுத்தா. அதுல ரெண்டு வெரல் இல்ல.

“ஸ்டோர்ல மெஷின் பெல்ட்டு மூடிக்குப் போல்ட் இல்ல, ஒண்ணு போட்டுத் தாங்கண்ணேன்னு மூணு தடவ ஒங்ககிட்ட வந்து சொன்னேன். எனக்கு வெரல் போன அன்னிக்கு, உள்ள இருக்கிற அதே மேசைக்கு முன்னாடி நின்னு, ‘மூடியில கொறையில்லங்க, இவ கவனக்கொறவு’ன்னு சொன்னது வெள்ளைக்காரன் இல்லண்ணே, நீங்க.”